காதல் முறிவைப் பாடிய குரல்: 26 வயதில் மறைந்த ஓடிஸ் ரெடிங் யார்? அவர் பாட்டு இன்னும் ஏன் ஒலிக்கிறது?

காதல் முறிந்துபோவதைப் பற்றிய பாட்டுகளில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம், விட்டுப் போனவரைத் திட்டித் தீர்க்கும். இன்னொரு ரகம், போகப்போகிறார் என்று தெரிந்தும் கையை விடாமல் வாசலில் நிற்கும். முதல் ரகத்தைப் பாடுவது சுலபம். இரண்டாவதுதான் கஷ்டம். கொஞ்சம் தப்பினாலும் அது அழுமூஞ்சிப் பாட்டாகிவிடும்.

அந்தக் கஷ்டமான ரகத்துக்கு இசை உலகம் இன்றும் காட்டும் உதாரணம், 1965-ல் வெளிவந்த 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்'. பாடியவர் ஓடிஸ் ரெடிங். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினப் பாடகர். அப்போது அவருக்கு வயது 23. அதன் பிறகு அவர் உயிரோடு இருந்தது இரண்டே முக்கால் ஆண்டுதான்.

அவருடைய மிகப் பெரிய ஹிட் பாடல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. ஊரே அவரைச் சோகத்தின் அடையாளமாகப் பார்த்தது. ஆனால், அவர் வாழ்ந்த வாழ்க்கையோ வேறு மாதிரி இருந்தது. யார் இந்த ஓடிஸ் ரெடிங்? அவர் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

'சோல்' என்றால் என்ன?

கதைக்குள் போகும் முன் ஒரு சின்ன விளக்கம்.

அமெரிக்காவின் கறுப்பினத் தேவாலயங்களில் பாடப்படும் பக்தி இசைக்கு 'காஸ்பெல்' என்று பெயர். ஒருவர் முன்னே பாட, சபை பின்னே பாடும். பாட்டு சூடேற ஏற, பாடுபவர் வரியை விட்டு விலகுவார், கதறுவார், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த உருக்கத்தைக் கடவுளிடமிருந்து காதலியிடம் திருப்பினால் என்ன ஆகும்? 1950-களின் கடைசியில் சாம் குக், ரே சார்ல்ஸ் போன்றவர்கள் செய்தது அதைத்தான். அதுதான் 'சோல்' இசை ஆனது.

இதில் மெதுவான தாளத்தில் வரும் உருக்கமான பாட்டை 'சோல் பேலட்' என்பார்கள். பெரும்பாலும் பிரிவு, ஏக்கம், கைநழுவிய உறவு ஆகியவைதான் பாடுபொருள். ஓடிஸ் ரெடிங் பெயர் வாங்கியது முதலில் இந்தப் பாட்டுகளால்தான்.

கிணறு வெட்டிய கைகள்

ஓடிஸ் ரெடிங் பிறந்தது 1941 செப்டம்பர் 9-ம் தேதி, ஜார்ஜியாவின் டாசன் என்ற சிற்றூரில். அப்பாவுக்கும் அதே பெயர். அவர் முதலில் குத்தகை விவசாயி. அறுவடையில் பெரும் பங்கை நிலக்காரருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் பிழைக்கும் முறை அது. ஓடிஸ் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே டிண்டல் ஹைட்ஸ் என்ற அரசுக் குடியிருப்பில் வீடு. அப்பாவுக்கு அருகிலிருந்த விமானப்படைத் தளத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிரசங்கமும் செய்வார்.

மகன் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்தான். தாள வாத்தியம், பியானோ, கிட்டார் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பழகினான். வீட்டில் நிலைமை சரியாக இல்லை. அப்பாவுக்குக் காசநோய் வந்து மருத்துவமனையில் கிடந்தார். ஓடிஸ் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். கிணறு தோண்டினார், பெட்ரோல் பங்கில் நின்றார், ராத்திரியில் பாடினார்.

மேக்கன் சாதாரண ஊர் இல்லை. ராக் அண்ட் ரோல் இசையின் முன்னோடிகளில் ஒருவரான லிட்டில் ரிச்சர்ட் அந்த ஊர்க்காரர்தான். அதே தெருக்களில் நடந்தவர் உலகப் புகழ் பெற்றிருக்கிறார் என்றால், நம்மாலும் முடியும் என்று எந்தப் பையனுக்கும் தோன்றுமில்லையா? ஓடிஸ் முதலில் பாடியது லிட்டில் ரிச்சர்ட் பாணியில்தான். அந்தக் கரகரப்பு அங்கிருந்து வந்தது. மெல்லிய பாட்டுகளுக்கு அவர் குருவாக எடுத்துக்கொண்டது சாம் குக்கை. ஒருவரின் நெருப்பும் இன்னொருவரின் பட்டும் ஒரே தொண்டையில் சேர்ந்ததுதான் ஓடிஸ் ரெடிங்கின் குரல்.

மேக்கனின் டக்ளஸ் தியேட்டரில் வாரந்தோறும் திறமைப் போட்டி நடக்கும். பரிசு 5 டாலர். ஓடிஸ் தொடர்ந்து 15 வாரம் ஜெயித்தார். கடைசியில் இனி நீ போட்டிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த நாட்களில்தான் செல்மா அட்வுட் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1960-ல் முதல் குழந்தை. 1961 ஆகஸ்டில் திருமணம். அதே காலத்தில் இன்னொரு முக்கியமான நட்பும் அமைந்தது. ஃபில் வால்டன் என்ற வெள்ளையின இளைஞர், மேக்கனின் மெர்சர் பல்கலைக்கழக மாணவர். வெள்ளை மாணவர்களின் விருந்துகளுக்குக் கறுப்பினக் குழுக்களை ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். அந்தப் பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்ததே 1963-ல்தான். மேடையில் பாடலாம், வகுப்பில் உட்கார முடியாது. அன்றைய அமெரிக்கத் தெற்கு அப்படித்தான் இருந்தது.

இன்னொரு முரணும் உண்டு. ஓடிஸ் தொடக்கத்தில் பாடிய ஓர் இசைத்தட்டை வெளியிட்ட சிறு நிறுவனத்தின் பெயர் 'கான்ஃபெடரேட்'. அடிமை முறையைக் காப்பாற்றப் போர் தொடுத்த தென் மாநிலக் கூட்டமைப்பின் பெயர் அது. கறுப்பினப் பாடகரின் பாட்டு அந்தப் பெயரோடு வானொலிக்குப் போனால் யார் போடுவார்கள்? பிறகு வேறு பெயரில் அதே தட்டை மீண்டும் வெளியிட வேண்டியதாயிற்று.

ஓட்டுநராகப் போனவர் பாடகராகத் திரும்பினார்

1962-ல் திருப்பம் வந்தது. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞரின் குழுவில் ஓடிஸ் பாடிக்கொண்டிருந்தார். ஜென்கின்ஸுக்கு டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரிலுள்ள 'ஸ்டாக்ஸ்' ஒலிப்பதிவுக் கூடத்தில் வாய்ப்பு கிடைத்தது. அவரிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. அதனால் காரை ஓட்டிக்கொண்டு போனவர் ஓடிஸ். கூடத்திலிருந்தவர்கள் அவரை ஓட்டுநர் என்றே நினைத்தார்கள்.

ஜென்கின்ஸின் ஒலிப்பதிவு சரியாக அமையவில்லை. நேரம் மிச்சமிருந்தது. கூட வந்த பையன் பாடுவான், ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்டார்கள். சரி, பாடட்டும் என்றார்கள். ஸ்டீவ் கிராப்பர் வழக்கமாக கிட்டார் வாசிப்பவர், அன்று பியானோவில் உட்கார்ந்தார். ஓடிஸ் தானே எழுதிய 'தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்' என்ற மெதுவான காதல் பாட்டைப் பாடினார்.

அவ்வளவுதான். ஸ்டாக்ஸின் துணை நிறுவனமான 'வோல்ட்' அதை இசைத்தட்டாக வெளியிட்டது. 1963-ல் அது தேசிய அளவிலான தரவரிசைக்குள் நுழைந்தது. முதல் 10-க்குள் வரவில்லை. ஆனாலும் மெல்ல மெல்ல விற்று, 8 லட்சத்துக்கும் மேல் போனது.

ஸ்டாக்ஸ் என்பது என்ன மாதிரி இடம்?

மெம்ஃபிஸின் மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த ஒரு பழைய சினிமா தியேட்டர்தான் ஸ்டாக்ஸ் கூடம். நடத்தியவர்கள் ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன். ஸ்டூவர்ட்டில் முதல் எழுத்துகளையும் ஆக்ஸ்டனில் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் 'ஸ்டாக்ஸ்'. நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டார்கள், ஆனால் தியேட்டரின் சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கூடத்தில் பதிவான பாட்டுகளுக்கு ஒரு தனி நாதம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள்.

கூடத்தின் நிரந்தர வாத்தியக் குழு 'புக்கர் டி அண்ட் த எம்ஜிஸ்'. ஆர்கன் வாசித்த புக்கர் டி ஜோன்ஸும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சனும் கறுப்பினத்தவர்கள். கிட்டார் வாசித்த ஸ்டீவ் கிராப்பரும், பிறகு பேஸ் கிட்டாருக்கு வந்த டொனால்ட் டன்னும் வெள்ளையர்கள். வெளியே உணவகத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதே பிரச்சனையாக இருந்த ஊரில், உள்ளே இவர்கள் ஒன்றாக வாசித்தார்கள்.

இங்கே யாரும் இசைக் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. ஓடிஸ் கிட்டாரில் ஓர் எளிய மெட்டைத் தட்டுவார். டிரம்பெட், சாக்ஸபோன்காரர்கள் என்ன வாசிக்க வேண்டும் என்பதை வாயாலேயே பாடிக் காட்டுவார். அவர் பாட்டுகளில் பின்பாட்டுக்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அந்த இடத்தை ஊதுகருவிகள் எடுத்துக்கொள்ளும். தேவாலயத்தில் பாடுபவருக்குச் சபை பதில் சொல்வதைப் போல, இங்கே பித்தளைக் குழல்கள் பதில் சொல்லும்.

அந்த ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது?

ஓடிஸின் சோகப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, மெம்ஃபிஸ் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் அவருக்கு 'மிஸ்டர் பிட்டிஃபுல்' என்று பட்டம் சூட்டினார். பரிதாபத்துக்குரிய ஐயா என்று வைத்துக்கொள்ளலாம். வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். ஓடிஸும் கிராப்பரும் அந்தப் பட்டத்தையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு எழுதினார்கள். அதுவும் ஹிட்.

அதற்கடுத்து வந்ததுதான் 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்'. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு ஹோட்டல் அறை. ஓடிஸும் இன்னொரு சோல் பாடகரான ஜெர்ரி பட்லரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்லரிடம் பாதியில் நின்றுபோன ஒரு பாட்டு இருந்தது. தொடக்கம் இருந்தது, அதற்கு மேல் நகரவில்லை. ஓடிஸ் அதை எடுத்துக்கொண்டு போய் முடித்து, ஒலிப்பதிவே செய்துவிட்டார். எழுதியவர்கள் என்று இருவர் பெயரும் போடப்பட்டது.

1965 ஏப்ரலில் வெளியான அந்தப் பாட்டு, ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 2-ம் இடத்துக்கும், பொதுத் தரவரிசையில் 21-ம் இடத்துக்கும் போனது.

பாட்டில் என்ன இருக்கிறது? கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. நீண்ட நாள் உறவு ஒன்று தளர்ந்துகொண்டிருக்கிறது. ஒருவருக்கு அலுத்துவிட்டது. மற்றவருக்கு அது மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. அலுத்தவர் மேல் கோபமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை என்பது மட்டும்தான் செய்தி.

அதை அவர் பாடிய விதம்தான் விஷயம். முன்னிசை என்று சொல்லும்படி எதுவும் இல்லாமல் குரல் நேராக உள்ளே வருகிறது. கிராப்பரின் கிட்டார் மூன்று மூன்று சுரமாகத் துளித் துளியாய் விழுகிறது. தாளம் ரொம்ப மெதுவு. எந்த நிமிடத்திலும் பாட்டு நின்றுவிடுமோ என்று தோன்றும். பிறகு ஊதுகருவிகள் படிப்படியாக மேலே ஏறும். குரலும் கூடவே ஏறி, சட்டென்று நிற்கும். ஒரு மௌனம். மறுபடி முதலிலிருந்து. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட முடியாதவர் மீண்டும் மீண்டும் முயல்வதைப் போன்ற அமைப்பு அது. கடைசியில் பாட்டு முடிவதே இல்லை. கெஞ்சல் தொடர்ந்துகொண்டிருக்க, ஒலி மட்டும் மெல்லத் தேய்ந்து போகிறது. அந்த உறவு முறிந்ததா, நிலைத்ததா என்பது கேட்பவருக்குத் தெரியாது.

பிரிவுத் துயரத்தைப் பாடுகிறவர்கள் பொதுவாகப் பிரிந்த பிறகு உள்ள வெறுமையைத்தான் பாடுவார்கள். ஓடிஸ் பாடியது பிரிவதற்குச் சற்று முன்னால் உள்ள நேரத்தை. இன்னும் எதுவும் போகவில்லை, ஆனால் போகப்போகிறது. அந்த நேரத்தின் பதைப்பு வாழ்க்கையில் ஒரு தடவையாவது எல்லோருக்கும் வந்திருக்கும்.

மேடையில் சோகம், வீட்டில் பண்ணை

இப்படிப் பாடியவர் காதலில் தோற்றவரா என்றால், இல்லை. செல்மாவுடனான மண வாழ்க்கை நிலைத்திருந்தது. 1965-ல் மேக்கனுக்கு வெளியே ரவுண்ட் ஓக் என்ற இடத்தில் 300 ஏக்கர் பண்ணை வாங்கினார். 'பிக் ஓ ராஞ்ச்' என்று அதற்குப் பெயர். குத்தகை நிலத்தில் பாடுபட்டவரின் மகன், ஜார்ஜியாவில் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். அந்த மண்ணில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதில் அவர் கவனமாக இருந்தார். அந்தக் காலத்தில் எத்தனையோ கறுப்பினப் பாடகர்கள் பாட்டை எழுதிவிட்டு, உரிமையைச் சில நூறு டாலருக்கு இழந்தார்கள். ஓடிஸ், வால்டனோடு சேர்ந்து 'ரெட்வால்' என்ற பாடல் பதிப்புரிமை நிறுவனத்தைத் தொடங்கினார். ஆர்தர் கான்லி என்ற இளம் பாடகரை வளர்த்து, 'ஸ்வீட் சோல் மியூசிக்' என்ற பாட்டைத் தயாரித்துக் கொடுத்தார். 1967-ல் அது அமெரிக்கப் பொதுத் தரவரிசையில் 2-ம் இடம் பிடித்தது. அதுவரை ஓடிஸின் சொந்தப் பாட்டு எதுவும் எட்டாத உயரம்.

1965 ஜூலையில் 'ஓடிஸ் புளூ' ஆல்பத்தைக் கிட்டத்தட்ட ஒரே நாளில், 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தார்கள். நடுவில் வாத்தியக்காரர்கள் வெளியே கச்சேரிக்குப் போய் வாசித்துவிட்டு, நள்ளிரவுக்குப் பிறகு திரும்பி வந்து தொடர்ந்தார்கள். முந்தைய ஆண்டு டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தன் ஆதர்சம் சாம் குக்கின் மூன்று பாட்டுகளை அதில் சேர்த்திருந்தார் ஓடிஸ். பிரிவுப் பாட்டு காதலுக்கு மட்டும் உரியதில்லை என்பதை அந்த ஆல்பம் காட்டியது.

'ரெஸ்பெக்ட்' என்ற பாட்டும் அதில்தான் இருந்தது. ஓடிஸ் எழுதியது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் ஆண் மரியாதை கேட்கும் பாட்டு. 1967-ல் அரேதா ஃபிராங்க்ளின் அதைப் பெண் கேட்கும் பாட்டாக மாற்றிப் பாடினார். அது முதலிடத்துக்குப் போய், பெண்களின் உரிமைக் குரலாகவும் கறுப்பின மக்களின் உரிமைக் குரலாகவும் ஆனது. இந்தப் பெண் என் பாட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஓடிஸ் மேடையிலேயே வேடிக்கையாகச் சொன்னார். இன்று அது யார் எழுதிய பாட்டு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

மான்டரே: ஐந்தே பாட்டு

1967 ஜூனில் கலிஃபோர்னியாவில் மான்டரே பாப் இசைத் திருவிழா நடந்தது. கூட்டம் பெரும்பாலும் வெள்ளையின ஹிப்பி இளைஞர்கள். ஓடிஸின் பெயர் அவர்களில் பலருக்குப் புதிது. சனிக்கிழமை இரவின் கடைசி நிகழ்ச்சி அவருடையது. நேரம் கடந்துவிட்டது, மழைத் தூறல் வேறு. எம்ஜிஸ் குழு பின்னால் நிற்க, பாடியது ஐந்தே பாட்டு. வேகமாக இரண்டு பாட்டு பாடிக் கூட்டத்தை எழுப்பிவிட்டு, மூன்றாவதாக 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டை எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கி நின்றது.

டி.ஏ. பென்னிபேக்கர் அதைப் படமாக்கியிருக்கிறார். இன்றும் பார்க்கலாம். ஊதுகருவிகள் ஏறி நிற்கும் அந்த இடத்தை ஓடிஸ் விடமாட்டார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நீட்டிக்கொண்டே போவார். அந்த ஒரு இரவுதான் அவரைக் கறுப்பின ரசிகர்களின் பாடகர் என்ற வட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் 'மெலடி மேக்கர்' பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், உலகின் சிறந்த ஆண் பாடகர் இடத்திலிருந்த எல்விஸ் பிரெஸ்லியைப் பின்னுக்குத் தள்ளினார்.

படகு வீடும் புதிய பாட்டும்

அந்தக் கோடையில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கச்சேரிக்காகப் போனவர், சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கினார். பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். கெஞ்சலும் கதறலும் இல்லாத ஒரு பாட்டின் தொடக்கம் அங்கே கிடைத்தது. வீட்டை விட்டுத் தொலைவு வந்து, ஒன்றும் கைகூடாமல், கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் பாட்டு.

இடையில் தொண்டையில் சதை வளர்ந்து அறுவை சிகிச்சை. பல வாரங்கள் பாடக்கூடாது, பேசவும் கூடாது. குரலையே நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு அது எப்படிப்பட்ட காலமாக இருந்திருக்கும்? குரல் திரும்பியது. முன்பைவிடத் தெளிவாகவே திரும்பியது. நவம்பரில் மெம்ஃபிஸ் போய் ஸ்டாக்ஸ் கூடத்தில் பாட்டுப் பாட்டாகப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று, கிராப்பருடன் சேர்ந்து முடித்த அந்தக் கடற்கரைப் பாட்டு: 'சிட்டிங் ஆன் த டாக் ஆஃப் த பே'. கடைசியில் சொற்கள் இல்லாத இடத்தில் விசிலடித்து முடித்தார்.

ஸ்டாக்ஸில் இருந்தவர்களுக்கே சந்தேகம். இது சோல் பாட்டு மாதிரி இல்லையே, ரசிகர்கள் ஏற்பார்களா? ஓடிஸுக்குச் சந்தேகம் இல்லை. தன் முதல் நம்பர் ஒன் பாட்டு இதுதான் என்று நம்பினார்.

1967 டிசம்பர் 10: மொனோனா ஏரி

டிசம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய இரவு ஓஹியோவின் கிளீவ்லேண்டில் கச்சேரி. அடுத்தது விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில். ஓடிஸிடம் சொந்தமாக இரட்டை எஞ்சின் பீச்கிராஃப்ட் சிறு விமானம் இருந்தது. வானிலை மோசம். பிற்பகலில் மேடிசனை நெருங்கும்போது விமானம் மொனோனா ஏரியின் குளிர்ந்த நீரில் விழுந்தது.

உள்ளே இருந்தவர்கள் 8 பேர். 7 பேர் இறந்தார்கள். ஓடிஸ், விமானி, உதவியாளர், 'பார்-கேஸ்' வாத்தியக் குழுவின் 4 இளைஞர்கள். அந்த இளைஞர்கள் பள்ளிப் படிப்பை முடித்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டிரம்பெட் வாசிப்பவரான பென் காலி மட்டும் இருக்கை மெத்தை ஒன்றைப் பிடித்து மிதந்து உயிர் பிழைத்தார். அதே குழுவின் ஜேம்ஸ் அலெக்சாண்டர் விமானத்தில் இடமில்லாததால் வேறு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். விபத்துக்கான காரணம் இன்றுவரை உறுதியாகக் கண்டறியப்படவில்லை.

ஓடிஸுக்கு வயது 26. செல்மாவிடம் மூன்று சின்னக் குழந்தைகள். இறுதிச் சடங்கு மேக்கன் நகர அரங்கில் நடந்தது. 3,000 பேர் கொள்ளும் இடத்துக்கு 4,500 பேர் வந்தார்கள். உடலைப் பண்ணையிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் போன பிறகு நடந்தது என்ன?

மெம்ஃபிஸில் ஸ்டீவ் கிராப்பருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. நண்பன் இறந்த சில நாட்களுக்குள், நண்பனின் கடைசிப் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். கடல் அலைச் சத்தத்தையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்து அனுப்பி வைத்தார். 1968 ஜனவரியில் பாட்டு வெளியானது. மார்ச் மாதம் பில்போர்டு பொதுத் தரவரிசையில் முதலிடம். பாடியவர் இறந்த பிறகு ஒரு பாட்டு அங்கே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் முறை. இரண்டு கிராமி விருதுகளும் வந்தன. ஓடிஸ் சொன்னது பலித்தது, பார்க்கத்தான் அவர் இல்லை.

ஸ்டாக்ஸுக்கு அடி மேல் அடி. ஓடிஸ் இறந்து நான்கே மாதத்தில், 1968 ஏப்ரல் 4-ம் தேதி மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பவ இடமான லொரெய்ன் மோட்டல், ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிப் பாட்டு எழுதிய இடம். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக வாசித்த அந்தக் கூடத்தின் இயல்பு அதன் பிறகு பழையபடி இல்லை.

அதே நேரத்தில் இன்னொரு உண்மை தெரியவந்தது. ஸ்டாக்ஸின் தட்டுகளை நாடெங்கும் விநியோகித்துவந்தது 'அட்லாண்டிக்' நிறுவனம். அது கைமாறியபோது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். 1965-ல் ஜிம் ஸ்டூவர்ட் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். விநியோகித்த ஒலிப்பதிவுகளின் உரிமையே அட்லாண்டிக்குக்குப் போயிருந்தது. ஓடிஸின் குரல் பதிவான தட்டுகள் உள்பட எல்லாம் ஒரே வீச்சில் கைவிட்டுப் போயின. பணக் கணக்கில் அவ்வளவு கவனமாக இருந்த பாடகரின் குரல், யாரோ படிக்காமல் விட்ட ஒரு பக்கத்தால் அந்தக் கூடத்துக்குச் சொந்தமில்லாமல் போனது. 1975 கடைசியில் ஸ்டாக்ஸ் திவாலானது.

செல்மா நொறுங்கிப் போகவில்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்த்தார், கணவரின் பாட்டு உரிமைகளைப் பார்த்துக்கொண்டார், 2007-ல் அவர் பெயரில் இசை கற்கும் பிள்ளைகளுக்காக அறக்கட்டளை தொடங்கினார். இன்னொரு தகவல் பலருக்குத் தெரியாது. ஓடிஸ் இறந்த பிறகு வெளியான 'ஐ'வ் காட் டிரீம்ஸ் டு ரிமெம்பர்' என்ற பிரிவுப் பாட்டின் மூலம், கணவர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் செல்மா எழுதிய கவிதைதான். எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. வீட்டில் காத்திருந்தவர் எழுதியதை, வெளியே போனவர் பாடினார். அது வெளிவந்தபோது காத்திருப்பு முடிந்துபோயிருந்தது.

இன்று ஓடிஸ் எங்கே இருக்கிறார்?

பாடல்களின் ஒலிபரப்பு உரிமைகளைக் கவனிக்கும் பிஎம்ஐ அமைப்பு, 20-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அதிகம் ஒலிபரப்பான பாட்டுகளின் பட்டியலை 1999-ல் வெளியிட்டது. அதில் 'டாக் ஆஃப் த பே' 6-ம் இடத்தில் இருந்தது. 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டை ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும், ஐக், டினா டர்னர் இணையும் பாடியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பாட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்கிறது. 2011-ல் ஜே-ஸியும் கான்யே வெஸ்டும் ஓடிஸின் இன்னொரு பாட்டிலிருந்து குரலை எடுத்துப் புதிய பாட்டு செய்து, அதற்கு 'ஓடிஸ்' என்றே பெயர் வைத்தார்கள். மெம்ஃபிஸில் இடிக்கப்பட்ட ஸ்டாக்ஸ் கூடம் இருந்த இடத்தில் 2003 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. மேக்கனில் அவருக்குச் சிலை.

இத்தனைக்கும் அவர் இசைத்தட்டுகளில் பாடிய காலம் மொத்தமாகவே ஏழெட்டு ஆண்டுகள். பெயர் வாங்கிய காலம் ஐந்து ஆண்டுகள்.

அவர் பாட்டில் ஆங்கிலம் சரியாகப் புரியாதவர்களும் உருகுவது ஏன் என்று கேட்டால், பதில் அந்த மௌனங்களில் இருக்கிறது. தொண்டை அடைத்துக்கொள்ளும் இடத்தில் அவர் நிற்பார். பிறகு மறுபடி முயல்வார். உறவு கையை விட்டு நழுவும்போது எந்த மொழிக்காரரும் செய்வது அதைத்தான். இதுவரை கேட்டதில்லை என்றால், 'டாக் ஆஃப் த பே' பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். 1965-ன் அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். சுமார் மூன்று நிமிடம்தான். சத்தம் தேய்ந்து போகும்வரை நிறுத்தாமல் கேளுங்கள்.